படத்தின் பின்புறம்

கனகாவாக் கடலில் எழும் பேரலையைக் காட்டும் ஜப்பானியப் படத்தைக் காணாதவர் இன்று அரியர். நூல் அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் தேநீர்க் குவளைகளிலும்கூட அது இடம்பெற்றுவிட்டது. நகங்களை விரித்துப் பாய்வதுபோல் நுரைக்கும் அலை. அதன் அடியில் சிறு குன்றுபோல் தெரியும் ஃபூஜி மலை. இரண்டுக்கும் நடுவே நீண்ட ஒடுக்கமான மூன்று படகுகள். பிடித்த மீன் கெடுவதற்கு முன் நகரத்துச் சந்தைக்கு அதை விரைந்து கொண்டு சேர்க்கும் படகுகள் அவை. உற்றுப் பார்த்தால்தான், துடுப்பு வலிப்போர் படகுக்குள் முகம் கவிழ்ந்து குனிந்திருப்பது கண்ணில் படும். அலையை நினைவில் வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேர் அந்த மனிதர்களை நினைவில் வைத்திருக்கிறோம்?

படத்தின் இடப்பக்க மேல் மூலையில் ஓவியரின் கையொப்பம் உள்ளது. 1831ஆம் ஆண்டை ஒட்டி, எழுபது அகவையைத் தொட்டிருந்த ஹொகுசாய் அதை வரைந்தார். எனவே அதனை ஹொகுசாயின் படம் என்கிறோம். அருங்காட்சியகத்துச் சீட்டும் அதையே சொல்கிறது. ஆனால் நாம் காணும் தாளில் ஹொகுசாயின் தூரிகை ஒருமுறைகூடப் பட்டதில்லை என்பதே உண்மை. அவருடைய கோடுகளை மரத்தில் வெட்டியவர் வேறொருவர். மரத்தில் வண்ணம் பூசித் தாளில் பதித்தவர் மற்றொருவர். இவர்கள் எல்லாருக்கும் பணி கொடுத்துக் கூலி கொடுத்து விற்பனை செய்தவர் இன்னொருவர். ஒரு பெயரின் கீழ் பல கைகள் மறைந்திருக்கின்றன.

இது கலை வரலாற்றில் ஒரு சிறு திருத்தம் மட்டுமன்று என்று எனக்குத் தோன்றுகிறது. ஓர் அழகிய பொருளால் மகிழ்ச்சி அடைகிறவன், அதை ஆக்கியவர்களுக்கும் அதற்காக ஆக்கப்பட்டவர்களுக்கும் என்ன கடன்பட்டிருக்கிறான்? இந்த அறக்கேள்வியை அந்தத் தாள்களின் வழியே சற்று எண்ணிப் பார்ப்போம்.

மரமும் தாளும் கைகளும்

எடோ என்பது இன்றைய டோக்கியோ நகரின் பழைய பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் பத்து இலட்சம் அளவிலான மக்கள் அங்கே வாழ்ந்தனர். ஆட்சி போர்வீரர் குலத்தாரிடம் இருந்தது. பணமோ மெல்ல மெல்ல வணிகரிடமும் கைவினைஞரிடமும் சேர்ந்தது. இந்த நகரத்து எளிய மக்கள் வாங்கிச் சுவைத்த கலையே மர அச்சுப்படம். ஒரு தாளின் விலை, தெருவோரக் கடையில் ஒரு கிண்ணம் சேமியா போன்ற உணவு உண்ணும் செலவை ஒட்டியதாகவே இருந்தது. கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைக்க எவரும் அதை வாங்கவில்லை. சுவரில் ஒட்டினர், திரையில் ஒட்டினர், ஊர் திரும்புகையில் உறவினருக்குப் பரிசாக எடுத்துச் சென்றனர்.

'உகியோ' என்று இப்படங்களின் உலகத்திற்குப் பெயர். பழைய பௌத்த வழக்கில் அச்சொல் துயரம் நிறைந்த, நிலையற்ற இவ்வுலகைக் குறித்தது. எடோ நகரத்தார் அதே ஒலிக்கு வேறோர் எழுத்தை இட்டு, 'மிதக்கும் உலகம்' என்று பொருளை மாற்றிக்கொண்டனர். எல்லாம் நிலையற்றது என்பதால் அழுவோம் என்றது பழைய பொருள். எல்லாம் நிலையற்றது என்பதால் மிதந்து மகிழ்வோம் என்றது புதிய பொருள். ஒலி மாறவில்லை, ஆகவே துயரமும் அச்சொல்லை விட்டு முற்றும் நீங்கிவிடவில்லை. இதைப் பின்னால் காண்போம்.

படம் உருவாகும் முறையை அறிந்தால் வியப்பு மிகும். முதலில் பதிப்பாளர் எந்தப் பொருளில் படம் வேண்டும் என்று முடிவு செய்வார். ஓவியர் மெல்லிய தாளில் கறுப்பு மையால் கோட்டோவியம் வரைந்து தருவார். 1790ஆம் ஆண்டு முதல் அரசின் தணிக்கை முத்திரையும் தேவைப்பட்டது. பின்னர் அந்தத் தாளைச் செதுக்குநர் மலைச் செர்ரி மரப் பலகையின்மேல் முகம் கவிழ ஒட்டி, தாளோடு சேர்த்தே உளியால் வெட்டுவார். கோடுகள் நிற்கும், மற்ற இடம் எல்லாம் தோண்டப்படும். இந்த வேலையில் மூல ஓவியம் அழிந்துபோகிறது. ஓவியரின் கை தீட்டிய தாள் மடிந்தால்தான் படம் பிறக்கும். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவது பற்றி ஆண்டவர் சொன்னதை நினையாமல் இருக்க இயலவில்லை.

கறுப்புக் கோட்டுப் பலகையிலிருந்து சில படிகள் எடுக்கப்படும். எந்த இடத்திற்கு எந்த வண்ணம் என்று ஓவியர் அவற்றில் குறித்துத் தருவார். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிப் பரப்பு செதுக்கப்படும். எல்லாப் பலகைகளிலும் ஒரே இடத்தில் இரண்டு சிறு அடையாளங்கள் வெட்டப்படும். தாளின் மூலையையும் விளிம்பையும் அவற்றில் பொருத்தினால், பத்துமுறை பதித்தாலும் வண்ணம் கோட்டைவிட்டு விலகாது. 1765ஆம் ஆண்டில் ஹருனோபு என்னும் ஓவியரின் படங்களோடு பல வண்ண அச்சு எடோவில் செழிக்கத் தொடங்கியது. அதற்கு அடித்தளமாய் அமைந்தவை இந்த இரண்டு சிறு வெட்டுக்களே.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோசோ என்னும் செடியின் உட்பட்டையை வேகவைத்து, அடித்து, நாராக்கி, நீரில் கலந்து அள்ளிய தாள் அது. மை பரவாதிருக்க அதன்மேல் வச்சிரமும் படிகாரமும் கலந்த நீர் பூசப்படும். பதிக்கும் முன் தாளை ஈரப்படுத்துவர். குசும்பாப் பூவிலிருந்து சிவப்பு, அவுரியிலிருந்து நீலம். 1830ஐ ஒட்டி, கடல் கடந்து வந்த பிரஷிய நீலமும் சேர்ந்துகொண்டது. ஹொகுசாயின் அலைக்கு ஆழம் தந்தது அந்த நீலந்தான். பட்டை உரித்தவர், நார் அடித்தவர், பூப் பறித்தவர் என்று எண்ணத் தொடங்கினால் கைகளின் கணக்கு முடிவதில்லை.

இறுதியாக அச்சிடுபவர். அவரிடம் அழுத்தும் எந்திரம் கிடையாது. பலகைமேல் தூரிகையால் வண்ணம் தடவுவார். ஈரத்தாளைக் கவிழ்த்து வைப்பார். 'பாரென்' என்னும் வட்டமான தேய்ப்புக் கருவியால் தாளின் முதுகை வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்ப்பார். மூங்கில் மடல் நாரைக் கயிறாக முறுக்கி, சுருளாகச் சுற்றி, மேலே மூங்கில் மடல் போர்த்திய கருவி அது. வானம் மேலே கருநீலமாகவும் கீழே வெளிறியும் தோன்ற வேண்டுமாயின், ஒவ்வொரு தாளுக்கும் பலகையின்மேல் வண்ணத்தை அவரே கையால் கரைத்துத் துடைத்துப் பதிக்க வேண்டும். ஹிரோஷிகே 1856 முதல் 1858இல் இறக்கும்வரை உருவாக்கிய எடோ நகரக் காட்சிகளில் அந்திவானத்தின் அழகைப் புகழாதவர் இல்லை. அந்த வானத்தைத் தாளில் விரித்த கை அச்சிட்டவருடையது.

தாழ்ச்சியா, மறைப்பா?

ஓவியரின் பெயர் படத்தில் நின்றது. பதிப்பாளரின் குறியும் பெரும்பாலும் நின்றது. பத்தாண்டு அளவும் பயிற்சி பெற்று, நெற்றியோரத்து மயிரிழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் செதுக்கிய தலைமைச் செதுக்குநரின் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சில படங்களில் சிறிய எழுத்தில் தென்படுகிறது. அவருக்குக் கீழ் ஆடையையும் பின்னணியையும் வெட்டிய மாணாக்கர் பெயர் இல்லை. அச்சிட்டவர் பெயரோ மிகமிக அரிது.

ஹொகுசாய்க்கு இந்தக் கைகளின் மதிப்புத் தெரிந்திருந்தது. இளமையில் அவரே செதுக்குநரிடம் தொழில் பயின்றவர். முதுமையில், தம் நூல்களுக்கான படங்களை எகவா தொமெகிச்சி என்னும் செதுக்குநரிடமே ஒப்படைக்குமாறு பதிப்பாளரைக் கடிதத்தில் வேண்டியிருக்கிறார். உளி பிடித்த கை, உளி பிடித்த கையை மறக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'பெயர் எதற்கு? நற்செயலை மறைவாகச் செய்யவேண்டும் என்பதல்லவா நற்செய்தியின் போதனை? வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று மலைப்பொழிவில் கேட்டிருக்கிறோமே! ஐரோப்பாவின் பெருங்கோவில்களைக் கட்டிய கல்தச்சர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? பெயரின்றிப் பணிபுரிவது தாழ்ச்சியின் உயர்நிலை ஆகாதா?'

மறுப்பு வலிமையானதே. ஆயினும் அது ஒரு வேறுபாட்டைக் காணத் தவறுகிறது. தன்னைத் தானே மறைத்துக்கொள்வது ஒன்று. பிறரால் மறைக்கப்படுவது வேறு. முன்னது புண்ணியம், பின்னது புண்ணியத்தின் ஆடையை உடுத்திக்கொண்ட அநீதியாகவும் இருக்கலாம். தாழ்ச்சியை நான் எனக்குக் கட்டளையிடலாம். என் அயலானுக்கு அதைக் கட்டளையிட எனக்கு உரிமை இல்லை. அவன் உழைப்பின் பயனை நான் நுகர்ந்துகொண்டு, 'பெயரை விரும்பாதே' என்று அவனுக்கு மறையுரை ஆற்றுவது எளிது. தம் பெயர் மறைய வேண்டும் என்று விரும்புவோர் பிறர் பெயரை ஒளிபெறச் செய்யட்டும். தாழ்ச்சி உண்மையானதா என்று அறிய அதுவே உரைகல்.

தனதல்லாத பெயர்

இதுவரை பெயர் பெறாதவர்களைப் பற்றிப் பேசினோம். பெயர் பெற்றும் இழந்தவர்கள் சிலர் இப்படங்களில் உண்டு.

மர அச்சுப்படங்களில் பெரும்பகுதி அழகிய பெண்களின் படங்கள். அவர்களுள் பலர் யோஷிவாரா என்னும் இடத்தைச் சேர்ந்தவர்கள். அரசின் உரிமம் பெற்று இயங்கிய அந்த இன்ப விடுதிகளின் குடியிருப்பு 1617இல் அனுமதி பெற்றது. 1657இல் எடோவை எரித்த பெருந்தீக்குப் பின் நகரின் ஓரத்திற்கு மாற்றப்பட்டது. சுற்றிலும் அகழி; ஒரே பெருவாயில். வறுமையுற்ற பெற்றோர் முன்பணம் பெற்றுக்கொண்டு ஒப்பந்தத்தின்பேரில் தம் சிறுமியரை அங்கே ஒப்படைத்தனர். கடன் தீரும்வரை அவர்கள் வெளியேற முடியாது. உடையும் உணவும் மருந்தும் கடனிலேயே ஏறின. தமிழில் இத்தகையோரை 'விலைமகளிர்' என்கிறோம். அச்சொல்லை நாம் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். விலையைப் பெற்றவர் அவர் அல்லர். பெற்றோரும் விடுதி உரிமையாளரும் பெற்றனர். அவர் விலையாக்கப்பட்டவர். சொல்லின் பழியை மட்டும் அவர் சுமக்கிறார்.

உதாமரோ இப்பெண்களை வரைந்ததில் நிகரற்றவர். நள்ளிரவில் களைத்து எழுவதையும் விடியலில் தலை கோதுவதையும் அவர் கனிவோடு தீட்டினார். பெண்ணின் பெயரும் விடுதியின் பெயரும் படத்தில் எழுதப்பட்டன. அப்படியானால் ஓவியரைப் போலவே அவளும் பெயர் பெற்றவள்தானே என்று கேட்கலாம். அந்தப் பெயர் அவளுடையது அன்று. விடுதிக்குள் வந்ததும் பிறந்த பெயர் கழற்றப்பட்டு, தொழிற்பெயர் சூட்டப்பட்டது. புகழ்பெற்ற பெயர்கள் விடுதியின் சொத்தாக இருந்தன. 'ஹனாஓகி' என்னும் பெயரைத் தாங்கியவள் நீங்கினால், அடுத்தவளுக்கு அதே பெயர் சூட்டப்படும். பெயர் நின்றது, பெண்கள் மாறினர். அத்தகைய படம் விடுதிக்கு விளம்பரமாகவும் பயன்பட்டது.

இதில் இன்னொரு கொடிய நகைமுரண் உண்டு. 1793இல் அரசு ஓர் ஆணையிட்டது: யோஷிவாராப் பெண்களைத் தவிர ஏனைய பெண்களின் பெயர்களைப் படங்களில் எழுதக் கூடாது. தேநீர்க் கடையில் பணிசெய்த நானிவாயா ஒகிதா என்னும் இளம்பெண்ணின் பெயரை எழுத முடியாத உதாமரோ, படத்தின் மூலையில் இரண்டு கட்டுக் கீரை, ஓர் அம்பு, கடல், நெல்வயல் ஆகியவற்றை வரைந்தார். ஜப்பானிய மொழியில் அவற்றின் பெயர்களைச் சேர்த்து ஒலித்தால் அவள் பெயர் வரும். சில ஆண்டுகளில் அந்த விடுகதைக்கும் தடை வந்தது. தன் சொந்தப் பெயர் கொண்டவளுக்குப் பெயர் மறுக்கப்பட்டது. பெயர் பறிக்கப்பட்டவளுக்கே பெயர் அனுமதிக்கப்பட்டது. உதாமரோவும் ஆட்சியின் கைக்குத் தப்பவில்லை. முன்னாள் ஆட்சியாளர் ஹிதெயோஷியைப் படமாக்கியதற்காக 1804இல் ஐம்பது நாட்கள் கைவிலங்கிடப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் இறந்தார்.

யோஷிவாராவுக்கு அண்மையில், மினோவா என்னும் இடத்தில், ஜோகான்ஜி என்னும் பௌத்தக் கோவில் இருக்கிறது. உரிமை கோர எவருமின்றி இறந்த அப்பெண்களின் உடல்கள் அங்கே கொண்டுவந்து இடப்பட்டன. 'எறிந்துவிடும் கோவில்' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். அங்கே அடக்கமானோர் ஏறத்தாழ 25,000 பேர் என்று கூறப்படுகிறது. அவர்களுக்காக ஒரு நினைவுக்கல் எழுப்பப்பட்டுள்ளது. எத்தனை அழகிய படங்களில் புன்னகைத்த முகங்கள் அங்கே பெயரற்ற சாம்பலாயின என்று எவர் சொல்வார்? 'உகியோ' என்னும் சொல்லின் பழைய பொருள் அந்த மண்ணில் காத்திருந்தது.

அழகு குற்றவாளியா?

இவற்றை அறிந்தபின் அப்படங்களை எவ்வாறு பார்ப்பது? இரண்டு எளிய வழிகள் நம்மை அழைக்கின்றன. கலை வேறு, அறம் வேறு. கோட்டையும் வண்ணத்தையும் மட்டும் சுவைப்போம் என்பது ஒன்று. துயரத்தில் விளைந்த அழகு நஞ்சு. அதைக் கையாலும் தொடோம் என்பது மற்றொன்று. இரண்டுமே அந்த மனிதர்களைப் பாராமல் விலகிச் செல்லும் வழிகள். முன்னவர் அவர்களைக் காணாமல் படத்தைக் காண்கிறார். பின்னவர் படத்தை விலக்குகையில் அவர்களையும் விலக்குகிறார். உளி பிடித்தவரும் விடியலில் தலை கோதியவளும் உலகில் விட்டுச்சென்ற சுவடு அந்தத் தாள் ஒன்றே. அதை நாம் எறிந்துவிட்டால், இரண்டாம் முறையாக அவர்களை எறிந்தவர்கள் ஆவோம்.

நம் திருமறை என்ன கற்பிக்கிறது? விடுதலைப் பயண நூலில், கூடாரத்தை அமைக்கும் வேளையில், ஆண்டவர் பெட்சலேல் என்னும் கைவினைஞரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பொன்னையும் கல்லையும் மரத்தையும் செதுக்கும் அவருடைய திறமை இறை ஆவியின் கொடை என்று அந்நூல் அறிவிக்கிறது. அவருக்குத் துணையாக ஒகொலியாபும் பெயரோடு குறிப்பிடப்படுகிறார். அரசர், குருக்கள், இறைவாக்கினர் ஆகியோரின் பெயர்களுக்கு நடுவே உளி பிடித்த இருவரின் பெயர்களும் மறைநூலில் நிலைத்துவிட்டன. எசாயா இறைவாக்கினரோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். மறக்கப்பட்டேன் என்று புலம்பும் சீயோனை நோக்கி, தம் உள்ளங்கையிலேயே அவளைப் பொறித்து வைத்திருப்பதாக ஆண்டவர் மொழிகிறார். செதுக்குவோர் மரத்தை வெட்டுவர். ஆண்டவர் தம் கையையே பலகையாக்கிக்கொண்டார். அந்தக் கை பின்னர் ஆணியால் துளைக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம்.

புனித இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், வேலையின் மாண்பை வேலையின் வகையில் தேடாமல், அதைச் செய்கிறவர் ஒரு மனிதர் என்பதில் தேடும்படி கற்பித்தார். அந்த அளவுகோலின்படி, கோடு வரைந்தவருக்கும் பலகையைத் துடைத்தவருக்கும் மாண்பு ஒன்றே. அச்சுப்படம் விற்ற அதே நாட்டில், 1614இல் நாடு முழுதும் நம் மறை தடை செய்யப்பட்ட பின், நாகசாகிச் சிற்றூர்களில் கிறிஸ்தவர்கள் குருக்களின்றி ஏழு தலைமுறை அளவும் மறைவாக வாழ்ந்தனர். ஊர் அறிய ஒரு பெயர். திருமுழுக்கில் பெற்ற பெயர் இன்னொன்று. அந்தப் பெயரை அவர்கள் உரக்கச் சொல்ல முடியவில்லை. 1865 மார்ச் 17 அன்று ஒவுரா ஆலயத்தில் அருள்தந்தை பெதிழானிடம் அவர்கள் தம்மை வெளிப்படுத்தும்வரை, அப்பெயர்களை இறைவனும் அவர்தம் சிறு கூட்டமும் மட்டுமே அறிந்திருந்தனர். எந்த ஆட்சியும் அழிக்கமுடியாத ஏடு ஒன்று உண்டு என்பதற்கு அம்மக்கள் சான்று.

அப்படியானால், இறைவன் அறிவார் என்று நாம் கை கழுவிவிடலாமா? முடியாது. இறைவன் மறவாதவர்களை நாம் மறப்பது அவருக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகும். எல்லாப் பெயர்களையும் நம்மால் மீட்க இயலாது. பெயர் ஒன்று இருந்தது என்பதையாவது நாம் அறிந்திருக்க இயலும். நாம் எழுப்பும் கட்டடங்களில் பொருள் கொடுத்தோர் பெயரைப் பளிங்கில் வெட்டுகிறோம். அந்தப் பளிங்கில் எழுத்தை வெட்டியவர் பெயர் எங்கே என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். நாம் உடுத்தும் துணியை நெய்தவர் யார், உண்ணும் சோற்றுக்கு நாற்று நட்டவர் யார், அவருக்குரிய கூலி சேர்ந்ததா என்று கேட்பதும் அதே கேள்வியின் தொடர்ச்சிதான். கேட்கத் தொடங்கிய மனம் பழையபடி நுகராது.

பழைய மர அச்சுப்படம் ஒன்றைக் கையில் எடுப்பவர்கள் அதைத் திருப்பியும் பார்ப்பார்களாம். முன்புறத்தில் ஓவியரின் பெயர். பின்புறத்தில் எழுத்து இல்லை. ஆனால் ஒளியில் சாய்த்துப் பிடித்தால், தாளின் முதுகில் வட்டம் வட்டமாகத் தேய்த்த தடங்கள் மெல்லத் தெரியும். எடோ நகரத்துச் சந்து ஒன்றில், ஒரு நாள் முழுதும் குனிந்து அமர்ந்து, தாள்மேல் தாளாகத் தேய்த்த ஒரு கையின் அழுத்தம் அது. அவருக்குக் கிடைத்த கையொப்பம் அதுவே.

முன்புறத்தைக் கண்டு மகிழ்வோம். அது இறைவன் மனிதருக்கு அருளிய கொடை. பின்னர், நன்றியோடு, ஒருமுறை திருப்பியும் பார்ப்போம்.